பின்வாசல் செருப்பு

என் மனைவியின் தம்பியை நான் 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அவன் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வான் என்பதற்காக இல்லை. கோபப்படுவதும் ஒரு வேலை, அதை அவன் செய்ய மாட்டான். பெயரைப் போட்டால் நாலு பேர் தேடிப்போய் ஏதாவது கேட்பார்கள், அவன் எழுந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பாவம் எனக்கு எதற்கு?

எங்கள் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பேன். பார்க்கிறவர்கள் மாப்பிள்ளைக்கு இடுப்பில் ஏதும் கோளாறா என்று கேட்பதுண்டு. கோளாறு எனக்கில்லை. தோழனாக என் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டவன் அவன். அப்போது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தான். புகைக்கும் மேளத்துக்கும் கொஞ்சமும் அசராமல் என் தோளில் தலையை வைத்துத் தூங்கிவிட்டான். தாலி கட்ட நான் எழுந்ததும் ஆள் அப்படியே மணையில் சரிந்தான். கண்ணைத் திறக்காமலேயே, "ஆச்சா மச்சான்?" என்று கேட்டான். எனக்கு அவன் சொன்ன முதல் வாழ்த்து அதுதான்.

சோழவந்தானில் மாமனாருக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. கொடிக்காலில் வேலை ஓயவே ஓயாது. கொடியை ஏற்றிக் கட்ட வேண்டும், தண்ணீர் விட வேண்டும், வெற்றிலை கிள்ளி எண்ணி அடுக்க வேண்டும். அதே கொடிக்காலில் நிழலும் நிறைய உண்டு. மாப்ள கம்ப்யூட்டர் படிப்பு ஒன்றைப் படித்து முடித்துவிட்டு அந்த நிழலுக்குத்தான் திரும்பி வந்தான். முப்பது வயதைத் தாண்டியும் அங்கேயே இருந்தான்.

"கொடிக்காலுக்குள்ள ஆளைத் தேடுறதே கஷ்டம். இவன் அசையவும் மாட்டேங்கிறான். அசைஞ்சாத்தான எலை ஆடும், இருக்கிற எடம் தெரியும்?" என்பார் மாமனார். அதைச் சொல்லும்போதும் அவர் கையில் மண்வெட்டி இருக்கும்.

நான் அவனுக்கு நேர் எதிர். கோச்சடையில் வீடு, பைபாஸ் ரோட்டில் மோட்டார் பம்பும் பைப்பும் விற்கும் கடை. சும்மா உட்கார்ந்தால் எனக்குக் கை அரிக்கும். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, கொஞ்சம் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நடந்தேன். நடை ஓட்டமாயிற்று. ஓட்டம் போதாமல் சைக்கிள் வாங்கினேன். அதுவும் போதாமல் மாமனார் கிணற்றில் குதித்து நீந்திப் பழகினேன். இந்த மூன்றையும் ஒரே நாளில் செய்யச்சொல்லிப் பந்தயம் நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும் பெயர் கொடுத்துவிட்டேன். டிரையத்லான் என்று பெயர். கடலில் நீந்திக் கரையேறி, ஈரத்தோடு சைக்கிள் ஏறித் தொண்ணூறு கிலோமீட்டர் மிதித்து, இறங்கிய கையோடு அரை மாரத்தான் ஓட வேண்டும். நடுவில் யாரும் 'உட்காருங்க, ஒரு வாய் காபி சாப்பிடுங்க' என்று சொல்ல மாட்டார்கள்.

ஊரில் இதைப் பலவிதமாகப் புரிந்துகொண்டார்கள். கடையை மகனிடம் விட்டுவிட்டுச் சந்நியாசம் வாங்கப் போகிறேன் என்றுகூட ஒரு பேச்சு இருந்தது. எனக்கு மகனே கிடையாது, ஒரு மகள்தான், அவளும் சென்னையில் வேலை பார்க்கிறாள் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

பயிற்சி எனக்குக் கஷ்டமே இல்லை. கஷ்டம் கடைசியில்தான் வந்தது. பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரம் பயிற்சியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மாதக்கணக்கில் அடிபட்ட உடம்பு அப்போதுதான் தன்னைத் தேற்றிக்கொள்ளுமாம். அதை 'டேப்பர்' என்கிறார்கள். போனில் எனக்குச் சொல்லித்தரும் கோச், "இந்த ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுக்கறதுதான் சார் உங்க டிரெயினிங்" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

முதல் வருடம் அந்த இரண்டு வாரத்தில் நான் என்ன செய்தேன்? மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவினேன். காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளையடித்தேன். கடைக் குடோனைக் காலி செய்து மறுபடி அடுக்கினேன். பந்தயம் நெருங்கியதும், கால் மந்தமாக இருக்கிறதோ என்று சந்தேகம் வந்து உசிலம்பட்டி வரை சைக்கிளை விரட்டிப் பார்த்தேன். கால் நன்றாகத்தான் இருந்தது, அன்றைக்கு. பந்தயத்தன்று நீந்தி முடித்தேன், மிதித்து முடித்தேன். ஓட்டத்தின் பாதியில் இரண்டு தொடையும் இழுத்துக்கொண்டு, ரோட்டோரம் ஒரு புங்கமரத்தடியில் விழுந்தேன். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள்.

அந்த ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு நான் அழுதேன். வலிக்காக இல்லை. கடை, அப்பா வைத்தது. வீடு, மாமனார் கூட நின்று கட்டிக்கொடுத்தது. கல்யாணம், அவர்கள் இரண்டு பேரும் பேசி முடித்தது. நானாக ஆரம்பித்தது என்று என் வாழ்க்கையில் இது ஒன்றுதான் இருந்தது. இதையும் பாதியில் விட்டால் நான் என்ன மனிதன் என்று இருந்தது.

மறுவருடம் மறுபடி பெயர் கொடுத்தேன். மனைவி தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இந்தத் தடவையும் உங்களைத் தூக்கிட்டு வந்தாங்கன்னா அந்தச் சைக்கிளு மாடிக்குப் போயிரும். நனைஞ்ச துணி போடத் தோதா இருக்கு."

சொன்னபடி செய்கிறவள். டேப்பர் தொடங்குவதற்கு முந்தின நாள் அவளே சோழவந்தானுக்குப் போன் போட்டாள். "அப்பா, தம்பியை ரெண்டு வாரத்துக்கு அனுப்பி வைங்க. இவருக்குச் சும்மா இருக்கச் சொல்லிக்குடுக்க ஆளு வேணும்." மறுமுனையில் மாமனார் சிரித்த சிரிப்பு அடுப்படி வரை கேட்டது. அவர் பிள்ளைக்கு முதன்முதலாக ஒரு வேலை வந்திருந்தது.

மாப்ள பஸ்ஸில் வந்து இறங்கினான். கையில் ஒரு தலையணை. வேறு சாமான் கிடையாது. "எடம் மாறுனாக்கூடப் பரவால்ல மச்சான். தலகாணி மாறுனா ஒத்துக்காது" என்றான்.

வந்தவன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். வாசலைப் பார்த்துக் கிடந்த என் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டான். "கேட்டைப் பாத்து உக்காந்தீகன்னா வாரவன் போறவனுக்கெல்லாம் நீங்க வேலைக்காரன்" என்றான். அடுத்து, எங்கள் இரண்டு பேர் செருப்பையும் எடுத்துக்கொண்டுபோய்ப் பின்வாசலில் போட்டான். "முன்னாடி செருப்புக் கெடந்தா ஆளு இருக்குன்னு அர்த்தம். கூப்பிடுவாக." என் போனை வாங்கி அக்காவிடம் கொடுத்தான். கடையைக் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று மனைவி சொன்னாள். கணக்குப்பிள்ளைக்கு அறுபது வயது, தராசு மாதிரி ஆள். இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

அவன் சும்மா இருப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தான். காலையில் எழுந்ததும் தலையில் நல்லெண்ணெயை வழிய வழிய வைத்துக்கொள்வான். தோளில் ஒரு துண்டு. அவ்வளவுதான், மத்தியானம் வரை அவனை யாரும் ஒரு கடைக்கும் அனுப்ப முடியாது. குளிக்கப் போகிறவனை எப்படி அனுப்புவது?

"எண்ணெ வச்ச தலையப் பாத்தா எமனே, சரி குளிச்சிட்டு வான்னு சொல்லிட்டுப் போயிருவான் மச்சான்."

இன்னொன்றும் சொன்னான். "யாரு எந்த வேலை சொன்னாலும் முடியாதுன்னு சொல்லிராதீக. முடியாதுன்னா சண்டை வரும். 'இந்தா வாரேன்'னு சொல்லுங்க. சொல்லிட்டு அசையாதீக. கொஞ்ச நேரத்துல அவுகளே போய் அந்த வேலையைப் பாத்துருவாக." சோழவந்தானில் இருபது வருடமாக 'இந்தா வாரேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் அவன். எங்கும் போனதாக எனக்கு நினைவில்லை.

படுக்கைக்கும் ஏற்பாடு உண்டு. நான் முன்னறையில், அவன் பின்னறையில். "ரெண்டு சோம்பேறி ஒரே ரூம்ல கெடந்தா பேச்சு வரும். பேச்சு வந்தா வேலை வரும்" என்றான். பின்னறைக் கதவைச் சாத்திக்கொள்வான். அந்த அறையின் பழைய ஃபேன் 'கடக் கடக்' என்று ஓடும். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிற வரை அவன் தூங்குகிறான் என்று அர்த்தம். அதைக் கேட்டு எனக்கு எரிச்சலாக வரும். ஒரு மனிதன் இவ்வளவு தூங்க முடியுமா? சாப்பாட்டு நேரத்துக்குக் கண்கள் சிவக்க எழுந்து வருவான். சாயங்காலம் பார்த்தால் மறுபடி குளித்துத் தலை ஈரமாக இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு குளியல். ராஜ வாழ்க்கைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

டேப்பரில் இல்லாத வலியெல்லாம் வரும். முதல் வாரமே எனக்கு முழங்கால் வலித்தது. பிறகு தொண்டை கரகரத்தது. குதிகாலில் ஊசி குத்தியது. ஒவ்வொன்றையும் அவனிடம் போய்ச் சொன்னேன். படுத்தபடியே கேட்டான்.

"வலியும் வேலை தேடித்தான் மச்சான் வருது. குளிக்கப் போறேன்னு சொல்லி அனுப்புங்க."

சிரிக்காதீர்கள், போய்விட்டது.

அட்டவணைப்படி சில நாள் காலையில் சின்ன ஓட்டம் உண்டு. திருப்பரங்குன்றம் மலையை ஒரு சுற்று, மெதுவாக. ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து அவனும் வருவான். நான் ஓட, அவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் திருட்டுத்தனமாக இன்னொரு சுற்றுப் போய்விட்டு, ஒன்றும் தெரியாதவன்போல வந்து நின்றேன்.

"ஒரு சுத்துக் கூடப் போயிட்டீக."

"யாரு சொன்னா?"

"ஒரு சுத்துக்கு எனக்கு ஒரு டீ. இது ரெண்டாவது."

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "என்ன வேண்டுதலாம் அவருக்கு? நித்தம் இப்பிடி ஓடுறாரே?" என்று அவனிடம் கேட்டார். "சும்மா இருக்கணும்னு வேண்டுதல் அம்மா. அதுக்குத்தான் இந்த ஓட்டம்" என்றான். அந்த அம்மாள் எனக்காக முருகனைப் பார்த்துக் கும்பிட்டார்.

பிரச்சினை வேறு பக்கமிருந்து வந்தது. கடைசி வாரத்தில் காரம் கூடாது, நார் கூடாது, வெள்ளைச்சோறும் அவித்த உருளைக்கிழங்கும் தயிரும்தான். நாள் முழுக்கப் படுக்கை. எங்கள் தெருவுக்கு இது போதாதா? நல்லா ஓடியாடித் திரிந்த ஆள், கடைக்குப் போகவில்லை, வாசலுக்கு வரவில்லை, சோறு பத்தியச்சோறு. எதிர்வீட்டில் கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். கூட்டிக் கழித்துப் பார்த்து, மஞ்சள் காமாலை என்று விடை கண்டுபிடித்துவிட்டார். ஒரு நாள் காலையில் டம்ளர் நிறையக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்து என் முன்னால் நின்றார்.

"வெறும் வயித்துல குடிச்சிருங்க. மூணு நாள்ல கேக்கும்."

"டீச்சர், எனக்கு ஒண்ணும் இல்ல. சும்மாதான் படுத்திருக்கேன்."

"சும்மா யாராச்சும் படுப்பாகளா?" என்று டீச்சர் என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "லேசா மஞ்ச இருக்கு."

டிரையத்லானை விளக்கினேன். நான் பேசப் பேச, ஜுரத்தில் பிதற்றுகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பந்தயத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை, வயிறு என்ன செய்யுமோ என்று எனக்கு வியர்த்தது. அப்போது மாப்ள எண்ணெய்த் தலையோடு வந்து டம்ளரை வாங்கினான். "எனக்குத்தான் டீச்சர் காமாலை. மச்சான் துணைக்குப் படுத்திருக்காரு" என்று சொல்லி ஒரே மூச்சில் குடித்துவிட்டான். மூன்று நாளும் குடித்தான். அவன் கண் சிவந்தே இருந்ததால் டீச்சரும் நம்பிவிட்டார்.

அடுத்தது என் தங்கை மகளின் காதுகுத்து. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. குலதெய்வக் கோயிலில், பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால் நாள் குறித்துவிட்டார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். நான் போகாமல் முடியாது. போனால், மேளத்தோடு வெயிலில் சீர்த்தட்டுத் தூக்கி நடக்க வேண்டும், பந்தல்காரனைப் பார்க்க வேண்டும், பந்தியில் கறி போட வேண்டும், வந்தவர்களை வரிசையாக விசாரிக்க வேண்டும். போன வருடம் செய்த வெள்ளையடிப்பெல்லாம் இதற்கு முன்னால் தூசு.

"மடி மட்டும்தான மச்சான் தாய்மாமன் தரணும்? கை காலு யாருதா இருந்தா என்ன?" என்றான் மாப்ள.

அன்றைக்கு என்னை வேனிலிருந்து இறக்கி, வேப்பமர நிழலில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எழுந்து எதையாவது செய்யலாம் என்று பார்த்தால் அது ஏற்கெனவே நடந்திருந்தது. சீர் வந்து இறங்கியிருந்தது. பந்தியில் இலை விழுந்திருந்தது. தங்கை வீட்டுக்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன். குழந்தை என் மடியில் உட்கார்ந்து, காது குத்தியவரை ஒரு அறை விட்டுவிட்டு வீறிட்டு அழுதது. நானும் நிம்மதியாக அதோடு சேர்ந்து அழுதேன். சாப்பாட்டில்தான் சிக்கல். தாய்மாமன் கெடாக்கறியைத் தொடாமல் எழுந்தால் சொந்தத்தில் அது பெரிய பேச்சாகும். மாப்ள எங்கிருந்தோ வந்து என் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். என் இலையில் விழுந்ததெல்லாம் யாரும் பார்க்காத நேரத்தில் அவன் இலைக்குப் போய், அங்கிருந்து மாயமாய் மறைந்தது. திரும்பும்போது வேனில் கடைசிச் சீட்டில் வாயைப் பிளந்து தூங்கினான். "காதுகுத்துக்கு வந்துட்டுக் கறியைத் தின்னுட்டுத் தூங்குறான் பாரு" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பந்தயம் கடலோர ஊரில். முந்தின நாளே சைக்கிளைக் கொண்டுபோய்ப் பந்தயம் நடத்துகிறவர்களின் வேலிக்குள் மாட்டிவிட வேண்டும். வரிசை வரிசையாகத் தொங்கிய சைக்கிள்களைப் பார்த்து மாப்ள முதல்முறையாக மலைத்து நின்றான்.

"இம்புட்டுப் பேருக்கா மச்சான் வீட்ல சொல்ல ஆளில்ல?"

விடியற்காலையில் கடலில் இறங்கினேன். உப்புத் தண்ணீர் குடித்தேன், அலை ஒரு முறை புரட்டிப் போட்டது, ஆனாலும் கை சலிக்கவில்லை. சைக்கிளில் எதிர்காற்று. கால் கேட்டதைக் கொடுத்தது. காற்று அடைத்த மோட்டாரில் அந்தக் காற்றை எடுத்துவிட்டால் தண்ணீர் எப்படிக் குழாயை முட்டிக்கொண்டு வருமோ அப்படி ஒரு தெம்பு. ஓட்டத்தில்தான் பயம். போன வருடத்துப் பாதைதான். அந்தப் புங்கமரம் வந்தது. தொடை இழுக்கிறதா என்று ஒரு நிமிடம் நானே கேட்டுக்கொண்டேன். இழுக்கவில்லை. மரத்தடியில் வேறு யாரோ ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வீட்டில் மச்சினன் இல்லை போலிருக்கிறது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், உதவிக்கு ஆள் வருகிறது, நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினார். போனேன்.

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். மைக்கில் யாரோ என் பெயரைக் கடித்துத் துப்பினார். மனைவி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள், கண் கலங்கியிருந்தாள். மாப்ளயைத் தேடினேன். ஷாமியானா ஓரத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலியை வரிசையாகப் போட்டு, என் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே செண்டை மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். போய்த் தோளைத் தொட்டேன்.

கண்ணைத் திறக்கவில்லை. "ஆச்சா மச்சான்?" என்றான்.

"ஆச்சுடா. நான் வர்றதைக்கூடப் பாக்காமத் தூங்குறியே!"

"நீங்க விழுந்திருந்தா அக்கா எழுப்பிருக்கும்ல?"

சிரித்துவிட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்தான். எப்பேர்ப்பட்ட சோம்பேறியாக இருந்தாலும் அந்த ஒரு நிமிடத்துக்காவது எழுந்து நின்றிருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் அவன் தலையணையோடு சோழவந்தான் பஸ் ஏறினான். நான் கடைக்குப் போனேன். கணக்குப்பிள்ளை என்னை எட்டிப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் பார்த்தார்.

"சின்னவரு வரலிங்களா?"

"எந்தச் சின்னவரு?"

"உங்க மச்சினன்தான். ரெண்டு வாரமா அவருதான வந்து கடை தெறந்தாரு?" என்றவர், சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் செக்கானூரணிப் பக்கத்து விவசாயி ஒருவர் படியேறி வந்தார். "மோட்டாரு மாட்ட வந்த தம்பி எங்க? கெணத்துல எறங்கி நின்னு மாட்டிக் குடுத்துச்சு. ஒரு வாய் மோரு குடிக்கக்கூட நிக்கல, வீட்ல ஒருத்தரு முழிச்சிருவாருன்னு ஓடிருச்சு" என்றார்.

தங்கைக்குப் போன் போட்டேன். சீர்த்தட்டு முதலில் வந்தது யார் தலையில் என்று கேட்டேன். "அண்ணே, உங்கிட்டச் சொல்ல மாட்டேன்னு பிள்ளை தலையில அடிச்சு அந்தத் தம்பி சத்தியம் வாங்கிருச்சு" என்றாள். அதுவே பதில்தான். வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டு டீச்சர் வாசலில் நின்று, "காமாலைக்காரத் தம்பி ஊருக்குப் போயிட்டானா? சிலிண்டர் மாத்தணும், அவன்தான் மாத்திக் குடுப்பான்" என்றார்.

பின்னறைக்குப் போய் உட்கார்ந்தேன். ஃபேன் சுவிட்சைப் போட்டேன். கடக் கடக் என்று அது பாட்டுக்கு ஓடியது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடும். இந்தச் சத்தத்தைத்தான் இரண்டு வாரமாக நான் திட்டிக்கொண்டு கிடந்தேன். பின்வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்திருந்தால் ஒரு ஜோடி செருப்புத்தான் இருந்திருக்கும். எண்ணெய் வழிந்த முகத்தில் வெயில் தெரியவில்லை. சிவந்த கண்ணைத் தூக்கமென்று நினைத்தேன். இரண்டாவது குளியல் எதற்கு என்று இப்போது புரிந்தது. அதிலும் ஒரு வார்த்தை சொல்லாமல் என்னிடமிருந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தானே!

பதக்கத்தை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே சோழவந்தான் போனேன். கொடிக்காலில் இலை ஆடாத இடமாகத் தேடிக் கண்டுபிடித்தேன். விஷயம் தெரிந்துவிட்டது என்று சொன்னதும் அவன் எழுந்து உட்கார்ந்தான். அவன் அப்படிச் சடக்கென்று எழுந்து நான் பார்த்ததில்லை.

"மச்சான், யார்கிட்டயும் சொல்லிராதீக. சின்னதுலருந்து கட்டிக் காப்பாத்துன பேரு. இந்த ஊர்ல தெரிஞ்சா நாளைக்கே ஆளாளுக்கு வந்து கூப்பிடுவாக."

"ஏண்டா எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க படுத்திருப்பீகளா? எந்திரிச்சு வந்து கூடமாட நின்னிருப்பீக." கொஞ்ச நேரம் வெற்றிலைக் காம்பு ஒன்றைக் கிள்ளிக்கொண்டிருந்தான். "ஒருத்தர் சும்மா இருக்கணும்னா அவருக்கும் சேத்து ஒருத்தன் அலையணும் மச்சான். இங்கன எனக்காக அப்பா அலையிறாரு. எனக்குத் தெரியாதா?"

பதக்கத்தை அவன் கழுத்தில் மாட்டப் போனேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். "இதப் போட்டுத் திரிஞ்சா என்ன ஏதுன்னு கேப்பாக. யாரு பதில் சொல்றது?" அது இன்றைக்கும் என் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது.

அடுத்த வருடம் அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். பனியன் கம்பெனியில் கணினியில் கணக்குப் பார்க்கிற வேலை. யாரும் நம்பவில்லை. மாமனார் இப்போது கொடிக்காலில் ஆள் விட்டிருக்கிறார், அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதை நானே பார்த்தேன். மண்வெட்டி பிடித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார்.

நான் அடங்கவில்லை. இந்த வருடம் இதைவிட இரண்டு மடங்கு தூரத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். டேப்பர் தொடங்கும் நாள் நெருங்க நெருங்கப் பயம் வந்தது. திருப்பூருக்குப் போன் போட்டேன். பின்னால் மெஷின் சத்தம் இரைந்தது. அவன் மூச்சு வாங்கப் பேசினான். ஆர்டர் நெருக்கடி, லீவு இல்லை, சூப்பர்வைசர் கத்துகிறார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "இந்தா வாரேன் மச்சான்" என்றான்.

எனக்கு அதன் அர்த்தம் தெரியாதா? சரி மாப்ள, வேலையைப் பார் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம்தான் படவேண்டும், ஆனால் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

டேப்பரின் முதல் நாள் காலையில் கண் விழித்தேன். வழக்கம்போலக் கை அரித்தது. மாடித் தொட்டியைக் கழுவினால் என்ன? ஒரு தொட்டிதானே. பிரஷ்ஷை எடுக்கப் பின்வாசலுக்குப் போனேன். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அந்தப் பழைய ஃபேன் கடக் கடக் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஃபேனை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். குனிந்து பார்த்தேன். படியோரத்தில் என் செருப்புக்குப் பக்கத்தில், பஸ் தூசியோடு இன்னொரு ஜோடி கிடந்தது.

பிரஷ்ஷை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.